இயந்திரமும் இசையும்

ஓசூரிலிருந்து பாகலூர் வழியே செல்லும் சாலையில், கருநாடக எல்லையை ஒட்டிப் பேரிகை என்னும் ஊர் அமைந்துளது. பெருமுரசிற்கும் அதுவே பெயர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து வழங்கும் அவ்வட்டாரத்தில் பிறமொழிப் பாட்டைக் கேட்டு மகிழ்தல் புதிதன்று. ஆயினும், கடல் கடந்த கொரியப் பாடல்களை இற்றைநாள் இளைஞர் பலர் பொருள் விளங்காமலே விரும்பிக் கேட்பது முதியோர்க்கு வியப்பளிக்கின்றது.

ஓசூர்ப் பகுதியினர் முதலில் அறிந்த கீழை நாடு கொரியா அன்று, ஜப்பானேயாம். 1984ஆம் ஆண்டு முதல் ஓசூர் டி.வி.எஸ். தொழிற்சாலையில், ஜப்பானின் சுசுகி நிறுவனத்தோடு கூடி மோட்டார் சைக்கிள்கள் செய்யப்பட்டன. அக்கூட்டு 2001இல் முடிவுற்றது. சுசுகி என்னும் பெயரை அறிந்தோர் பலர். ஜப்பானியப் பாட்டொன்றை அறிந்தோர் மிகச் சிலர். இயந்திரம் வந்த வழியில் இசை வரவில்லை.

ஜப்பானியரிடம் கலைத்திறம் குன்றியிருந்தது என்று கருதுதல் தவறு. 1963இல் கியூ சகாமோட்டோ தம் தாய்மொழியிலேயே பாடிய பாடலொன்று அமெரிக்காவின் பில்போர்டு பாடல் வரிசையில் முதலிடம் பெற்றது. கொரியரின் பி.டி.எஸ். குழு அவ்விடத்தை எய்தியது 2020இல்தான். இடையே கழிந்தவை 57 ஆண்டுகள்! முந்திச் சென்றவர் பிந்தியது எங்ஙனம்?

ஜப்பானின் இசைச் சந்தை உலகில் அமெரிக்காவுக்கு அடுத்த நிலையில் உள்ளது. உள்நாட்டு விற்பனையே போதிய பொருளைத் தந்தமையால், அயல்நாட்டாரை நாடும் தேவை அந்நாட்டு நிறுவனங்களுக்கு எழவில்லை. இணையம் வந்த பின்னரும் அவற்றுட் பல தம் பாடற்காட்சிகளை எளிதில் வெளிவிடவில்லை. தென்கொரியாவோ ஜப்பானின் மக்கள் தொகையில் பாதியும் இல்லாத நாடு. வீட்டிற்குள் விற்று வாழ அதனால் இயலாது. 'ஜுராசிக் பார்க்' என்னும் ஒரே திரைப்படத்தின் வருவாய் 15 லட்சம் ஹூண்டாய் கார்களின் ஏற்றுமதிக்கு ஈடாகும் என்று 1994இல் அரசின் ஆலோசனைக் குழு ஒன்று கணக்கிட்டுக் காட்டிற்று. 1997இல் பொருளாதார நெருக்கடி வந்து தாக்கவே, கலையையும் ஒரு தொழிலாக வளர்க்க அரசு முனைந்தது.

அப்போது நிகழ்ந்த ஒன்று குறிப்பிடத்தக்கது. 1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானுக்கு அடிமைப்பட்டிருந்தது. அப்புண் ஆறாமையால், விடுதலைக்குப் பின் ஜப்பானியத் திரைப்படங்களும் பாடல்களும் அங்கே தடுக்கப்பட்டிருந்தன. 1998இல் பதவியேற்ற குடியரசுத் தலைவர் கிம் தே-ஜுங் அத்தடையைப் படிப்படியாக நீக்கத் தொடங்கினார். ஜப்பானியக் கலை வெள்ளமெனப் புகுந்து கொரியக் கலையை அழித்துவிடும் எனப் பலர் அஞ்சினர். நிகழ்ந்ததோ வேறு. 2003இல் 'விண்டர் சொனாட்டா' என்னும் கொரியத் தொடர் ஜப்பானில் ஒளிபரப்பாகிப் பெருவரவேற்புப் பெற்றது. மறு ஆண்டு அதன் நாயகர் பே யோங்-ஜூன் ஜப்பான் சென்றபோது, விமான நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். 2012இல் 'கங்னம் ஸ்டைல்' யூடியூபில் 100 கோடி முறை காணப்பட்ட முதற் காட்சியாயிற்று. சிறு வயது முதலே பாடகர்கள் மேற்கொள்ளும் கடும் பயிற்சி இப்பொலிவில் மறைந்துவிடுகின்றது.

ஜப்பானியக் கலை மங்கிவிடவில்லை. அதன் அசைவோவியப் படமான 'டீமன் ஸ்லேயர்' 2025இல் தமிழ் பேசித் திரையரங்குகளில் ஓடியது. கொரியக் கலையோ வேரூன்றவே வந்திருக்கின்றது. சுசுகியோடு கூடி வண்டி செய்த அதே டி.வி.எஸ்., ஹூண்டாயோடு சேர்ந்து ஆதரவளிக்க, 2006இல் சென்னையில் இன்கோ மையம் தோன்றிற்று. பாட்டின் பொருளை அறிய விழைவோர் அங்கே கொரிய மொழியைக் கற்கலாம்.