ஓட்டுநர் உரிமமும் உடல்நலமும்: எந்த உரிமம் எதற்கு அனுமதி தருகிறது?

நாட்றாம்பாளையம், அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பகுதிகளிலிருந்து எங்களிடம் சிகிச்சைக்கு வருவோரில் வாகனம் ஓட்டிக் குடும்பம் நடத்துவோர் பலர். பெங்களூருச் சந்தைக்குக் காய்கறி கொண்டு செல்வோர், ஓசூர்த் தொழிற்சாலைகளின் பணியாளர் பேருந்தை ஓட்டுவோர், கருங்கல் லாரி ஓட்டுவோர் என அவர்களின் பணி பலவகைப்படும். அவர்களுள் ஒருவருக்கு முதன்முறையாக வலிப்பு வந்து அனுமதிக்கப்படும்போது ஒரு காட்சி அடிக்கடி நிகழ்கிறது. மனைவியோ அண்ணனோ எங்களைத் தனியே அழைத்து, "ஐயா, சீட்டில் ஃபிட்ஸ் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், லைசென்ஸ் போய்விடும்" என்று தாழ்ந்த குரலில் கேட்பார்.

அந்த அச்சத்தை நாங்கள் அறிவோம். ஆயினும் உரிமம் எவ்வாறு செயல்படுகிறது என்பதை அறிந்துகொண்டால் அச்சத்தில் ஒரு பகுதி விலகும். எஞ்சிய பகுதியை நேர்மையாக எதிர்கொள்ளவும் இயலும். அதற்காகவே இவ்விதழில் இப்பாடம்.

ஓர் அட்டை, பல அனுமதிகள்

இந்தியாவில் ஓட்டுநர் உரிமம் 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி வழங்கப்படுகிறது. உரிமம் என்பது எல்லா வாகனங்களுக்கும் பொதுவான ஒரே அனுமதி அன்று. அட்டையில் எந்த வாகன வகை குறிக்கப்பட்டுள்ளதோ அதை மட்டுமே ஓட்டலாம். முக்கிய வகைகள் இவை:

• கியர் இல்லாத இருசக்கர வாகனம்.
• கியர் உள்ள இருசக்கர வாகனம் (அட்டையில் எம்.சி.டபிள்யூ.ஜி.).
• இலகுரக வாகனம் (எல்.எம்.வி.): கார், ஜீப் முதலியன. எடை வரம்பு 7,500 கிலோ.
• போக்குவரத்து வாகனம் (டிரான்ஸ்): வாடகைக்கும் தொழிலுக்கும் இயங்கும் பேருந்து, லாரி முதலியன.
• மாற்றியமைக்கப்பட்ட வாகனம்: உடல் குறைபாடு உடையவரின் தேவைக்கேற்ப அமைக்கப்பட்டது.

சிறிய சரக்கு வாகனங்களைப் பற்றி நெடுநாள் குழப்பம் இருந்தது. 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வாகனத்தை இலகுரக உரிமம் உடையவர் தனி ஒப்புதல் இன்றி ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பர் 6 அன்று தீர்ப்பளித்தது. அதற்கு மேற்பட்ட எடையுள்ள லாரிக்கும் பேருந்துக்கும் உரிய தனித் தகுதிகள் அப்படியே நீடிக்கின்றன.

எல்லைப்புற ஊராதலால் அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் பெற்ற உரிமம் கர்நாடகத்தில் செல்லுமா? செல்லும். எந்த மாநிலத்தில் வழங்கப்பட்டாலும் உரிமம் நாடு முழுவதும் செல்லுபடியாகும்.

வயதும் காலமும்

பொதுவாக உரிமம் பெற 18 வயது நிறைந்திருக்க வேண்டும். 16 வயதில் பெறக்கூடியது 50 சி.சி.க்கு மேற்படாத கியர் இல்லாத வண்டிக்கான உரிமம் மட்டுமே. இன்று தெருவில் ஓடும் ஸ்கூட்டர்களில் பெரும்பாலானவை அந்த அளவைக் கடந்தவை என்பதைப் பெற்றோர் மறக்கலாகாது. போக்குவரத்து வாகனத்துக்குக் குறைந்த வயது 20. அதற்குமுன் ஓராண்டேனும் இலகுரக உரிமம் பெற்றிருத்தல் வேண்டும்.

பழகுநர் உரிமம் ஆறு மாதங்களுக்குச் செல்லும். போக்குவரத்து வாகன உரிமத்தை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். சொந்த வாகன உரிமம் 30 வயதுக்குள் பெற்றால் 40 வயது வரையிலும், 30 முதல் 50 வயதுக்குள் பெற்றால் பத்தாண்டும் செல்லும். 55 வயதுக்குப் பின் ஐந்தாண்டு மட்டுமே. ஆகவே ஒரே அட்டையில் இருவகைக்கும் வெவ்வேறு முடிவு நாள்கள் இருக்கக்கூடும். காலாவதியாகி ஓராண்டு கடந்துவிட்டால் மீண்டும் ஓட்டுநர் தேர்வு எழுந்துவிடும். நீண்ட நாள் சிகிச்சையில் இருப்போரின் குடும்பத்தார் இதைக் கவனித்துக்கொள்வது நல்லது.

உடல்தகுதியைப் பற்றிக் கேட்கப்படுவன

விண்ணப்பத்துடன் இணைக்கும் படிவம் 1 விண்ணப்பதாரரே அளிக்கும் உறுதிமொழி. வலிப்பு, திடீர் மயக்கம், தலைச்சுற்றல் உண்டா என்பதே அதன் முதற்கேள்வி. நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தொலைவிலுள்ள வாகன எண்பலகையைப் படிக்க இயலுமா, மாலைக்கண் உண்டா, கைகால்களில் வலுக்குறைவு உண்டா, ஒலிச்சமிக்ஞை கேட்குமா என்பன தொடர்ந்து வருகின்றன. 40 வயதைக் கடந்தோரும் போக்குவரத்து வாகன உரிமம் கோருவோரும் மருத்துவர் கையொப்பமிட்ட படிவம் 1ஏ அளிக்க வேண்டும்.

இவ்விதிகள் மாறாதவை அல்ல. முன்பு நிறக்குருடு உடையோர் உரிமம் பெறுவது கடினம். 2020 ஜூன் மாதத் திருத்தத்தின்பின் லேசான, நடுத்தர நிறக்குருடு உடையோரும் உரிமம் பெறலாம்.

உரிமம் கையில் இருக்கும்போதே நோய் வந்தால் என்ன? ஓட்டுநர் தகுதியற்றவர் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால், உரிமம் வழங்கும் அலுவலர் மருத்துவச் சான்று கேட்கலாம். உரிமத்தை ரத்தும் செய்யலாம். இது சட்டத்தின் 16-ஆம் பிரிவு. மருத்துவமனைச் சீட்டில் ஒரு சொல் எழுதப்பட்ட உடனே உரிமம் தானாகப் பறிபோவதில்லை. அதே வேளையில், தகுதிச் சான்றில் உண்மைக்கு மாறாக எழுத எங்களால் இயலாது. சீட்டில் வலிப்பு என்பதை மறைத்தால் அடுத்த மருத்துவர் தவறான மருந்தைத் தர நேரும். முதலில் பாதிக்கப்படுபவர் நோயாளியே.

ஒரே நோய், இரு விடைகள்

ஓட்டும் வாகனம் மாறினால் அதே நோய்க்கான விடையும் மாறும். பிரிட்டனில் வலிப்பு நோயாளி 12 மாதங்கள் வலிப்பின்றி இருந்தால் காரோட்ட அனுமதி பெறலாம். லாரி அல்லது பேருந்து ஓட்டவோ மருந்தின்றிப் பத்தாண்டுகள் வலிப்பில்லாமல் இருக்க வேண்டும். கனரக வாகனம் சில நொடி தன்னிலை தவறினாலும் விளையும் சேதம் பெரிது. ஓட்டுநர் சக்கரத்தின்பின் கழிக்கும் நேரமும் மிகுதி. நம் நாட்டுச் சட்டத்தில் இத்தகைய கால வரையறை இல்லை. எனவே வலிப்பு வந்தவர் இருசக்கர வாகனம் உட்பட எதையும் ஓட்டலாகாது என்பதே எங்கள் அறிவுரை.

நீரிழிவு உடையோர் பெரும்பாலும் ஓட்டலாம். இன்சுலினோ சர்க்கரையை மிகவும் தாழ்த்தக்கூடிய மாத்திரையோ எடுப்போர் புறப்படுமுன்னும், நெடும்பயணத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும் அளந்து பார்க்க வேண்டும். 90 மி.கி.க்குக் கீழ் இருந்தால் உண்ட பின்னரே புறப்பட வேண்டும். வியர்வை, நடுக்கம், குழப்பம் தோன்றினால் வண்டியை ஓரம் நிறுத்திச் சர்க்கரை உட்கொண்டு, அளவு சீரான பின்னும் முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

கண்புரை உடையோர்க்குப் பகலில் குறை தெரியாது. இரவில் எதிர்வரும் விளக்கின் ஒளி கூசும். யானை நடமாட்டமுள்ள அஞ்செட்டி வனச்சாலையில் அந்தக் கூச்சம் உயிருக்கே ஆபத்தாகும். சளி, அரிப்பு, தூக்கமின்மை ஆகியவற்றுக்குத் தரும் மாத்திரைகள் சில உறக்கம் வருவிப்பன. அவற்றை எடுத்தபின் ஓட்டலாமா என்று மருத்துவரைக் கேட்டறிக. பெருங்குறட்டையும் பகலுறக்கமும் உள்ள லாரி ஓட்டுநர் உறக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய்க்குப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

வருமானம் என்னாகும்?

இக்கேள்விக்கு மருத்துவத்தில் முழு விடை இல்லை. ஆயினும் சில வழிகள் உண்டு. ஈ.எஸ்.ஐ. பதிவுள்ள ஓட்டுநர், தகுதி நிபந்தனைகள் நிறைவுற்றால், நோயுற்ற காலத்துக்கு ஆண்டில் 91 நாள் வரை ஊதியத்தின் 70 விழுக்காட்டைப் பெறலாம். அரசு நிறுவனங்களில் பணியிலிருக்கும்போது மாற்றுத்திறன் அடைந்தவரைப் பணிநீக்கம் செய்யலாகாது. வேறு பணி தர வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. தனியார் நிறுவனங்களிலும் கிடங்கு, சரக்குப் பதிவு, வாகனப் பராமரிப்புப் பணிகளுக்கு அனுபவமுள்ள ஓட்டுநரைக் கேட்டுப் பார்க்கலாம். தேவையான மருத்துவக் கடிதத்தைத் தயங்காது கேளுங்கள்.

குடும்பத்தார் கவனத்துக்கு

• மருத்துவரிடம் வரும்போது உரிம அட்டையையும் கொண்டு வருக. "வண்டி ஓட்டுகிறேன்" என்பதோடு நில்லாமல் எந்த வண்டி, எத்தனை மணி நேரம், இரவா பகலா என்று கூறுக.
• நோயுற்ற தந்தைக்குப் பதிலாக மகன் லாரியை எடுக்குமுன் மகனின் உரிமத்தில் அவ்வகை உள்ளதா என்று பார்க்க. இல்லையெனில் விபத்தில் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பை மறுக்க இடமுண்டு.
• அறுவை சிகிச்சைக்கும், கண் பாவையை விரிக்கும் மருந்துக்கும் பின் நோயாளியை வண்டி ஓட்டி வீடு திரும்ப விடாதீர்.
• மருத்துவர் ஓட்டலாம் என்று கூறும் நாள் வரை சாவி உங்களிடமே இருக்கட்டும்.

தாழ்ந்த குரலில் கேட்கும் அந்தக் குடும்பத்தாருக்கு நாங்கள் கூறும் விடை இதுவே: சீட்டில் உள்ளதை உள்ளபடி எழுதுவோம். லாரி ஓட்ட இயலாத நாளிலும் வேறு எந்தப் பணி இயலும் என்பதை உங்களுடன் அமர்ந்து பேசுவோம். அவர் ஓட்டாத சாலையில் எதிரே வருவோரும் பாதுகாப்பாகச் செல்வர். அவரும் மாலையில் வீடு வந்து சேர்வார்.