அறுபது குழி எங்கே போச்சு?

அன்புள்ள மருமகளுக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய கணக்குத் தாளைப் பார்த்தேன். மார்க் சங்கதியை உன் அம்மா பார்த்துக்கொள்வாள். எனக்கு உறுத்தியது ஒரு வரிதான்: (அ + ஆ)² = அ² + ஆ² என்று போட்டிருக்கிறாய். (உன் புத்தகத்தில் இங்கிலீஷ் எழுத்து. எந்த எழுத்தானால் என்ன, உள்ளே இருப்பது எண்தானே.)

திண்ணைப் பள்ளிக்கூடக் காலத்தில் எண்சுவடியோடு குழிமாத்தும் மனப்பாடம். ஒரு எண்ணை அதே எண்ணால் பெருக்கும் வர்க்க வாய்பாடு அது. நிலம் அளக்கிறவருக்கு அதுதான் சோறு. ஒரு கோல் நீளம், ஒரு கோல் அகலம் என்றால் ஒரு குழி. 13 கோல் சதுரத்தில் ஒரு கரிசல் புஞ்சை இருப்பதாக வைத்துக்கொள். குழிமாத்துப்படி 169 குழி. 13-ஐப் பத்தும் மூன்றுமாகப் பிரித்து உன் வழியில் போட்டால் 100 + 9 = 109. மிச்சம் 60 குழியை யாருக்கு எழுதிக் கொடுத்தாய், தாயி?

நோட்டில் சதுரம் போட்டு, பத்தாவது கோலில் நெடுக்கே ஒரு வரப்பும் குறுக்கே ஒரு வரப்பும் கிழித்துப் பார். பெரிய சதுரம் ஒரு மூலையில், சின்னச் சதுரம் எதிர்மூலையில். மற்ற இரண்டு மூலையிலும் பத்துக்கு மூன்று அளவில் ஆளுக்கொரு துண்டு, 30 குழி வீதம். அந்த இரண்டும்தான் நீ விட்ட 2அஆ.

9 + 16-இன் வர்க்கமூலத்தை 7 என்று எழுதுவதும் இதே பிசகுதான், விடை 5. (அ + 6)/அ என்பதில் மேலும் கீழும் அ-வை அடித்து 6 என்று எழுதுவார்கள். அ-வுக்கு 3 போட்டால் சாயம் வெளுத்துவிடும்: விடை 3. சந்தேகம் வந்தால் இப்படி எண் போட்டுப் பார், ஆனால் 0, 1, 2 வேண்டாம். 2-ஐ இரட்டித்தாலும் 4, வர்க்கமாக்கினாலும் 4, தப்பு ஒளிந்துகொள்ளும். ஒரு எண்ணில் பொய்த்தால் சூத்திரம் தப்பு, தீர்ந்தது. பத்து எண்ணில் சரியாக வந்தாலும் நிரூபணம் ஆகிவிடாது.

இப்போது ஒரு புதிர். வீரசோழன் சந்தையில் சேவல் 5 காசு, பெட்டைக்கோழி 3 காசு, குஞ்சு மூன்று சேர்த்து 1 காசு. (இன்றைக்கு முட்டை ஓடுகூடக் கிடைக்காது.) 100 காசுக்கு 100 உருப்படி வாங்க வேண்டும். சந்தை நம்முடையது, கணக்கு சீனாவில் 5-ஆம் நூற்றாண்டில் சாங் சியூஜியான் எழுதியது. நம் பக்கத்தில் 850 வாக்கில் மகாவீரர் என்ற கணித அறிஞரும் புறா, நாரை, அன்னம், மயில் வைத்து இதே போல ஒன்று போட்டிருக்கிறார்.

தெரியாதது மூன்று, சமன்பாடு இரண்டு. குஞ்சை நீக்கினால் மிஞ்சுவது: 7 சேவல் + 4 பெட்டை = 100. அரைக்கோழி யாரும் விற்பதில்லை என்பதால் சேவல் நான்கின் மடங்காகத்தான் வர வேண்டும். 4, 18, 78. 8, 11, 81. 12, 4, 84. இதோடு நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். சேவலே வாங்காமல் 25 பெட்டை, 75 குஞ்சு என்றாலும் கணக்கு நேராகிறதே! இப்படி 0-வை மறக்கிறவர்தான் அ² = 5அ என்பதில் இருபுறமும் அ-வால் வகுத்து, அ = 5 என்று முடித்துக்கொள்வார். அ 0-வாக இருக்கலாம் எனும்போது அதால் வகுக்க முடியாது.

கடைசியாக ஒரு எண் விளையாட்டு. கப்ரேக்கர் என்று தேவ்லாலியில் ஒரு பள்ளி ஆசிரியர் இருந்தார். 1949-இல் சென்னையில் நடந்த கணித மாநாட்டில் 6174 என்ற எண்ணின் வித்தையைச் சொன்னார். எல்லாம் ஒரே இலக்கமாக இல்லாத நான்கிலக்க எண் எதையும் எடு. இலக்கங்களை இறங்குவரிசையில் எழுதி, ஏறுவரிசையில் எழுதியதைக் கழி. வந்த விடையிலும் அப்படியே செய் (இலக்கம் குறைந்தால் முன்னால் 0 போட்டுக்கொள்). 3524 என்றால் 3087, 8352, பிறகு 6174. அதற்குமேல் நகராது.

அருப்புக்கோட்டை பஸ்ஸில் போகும்போது இதையே மூன்றிலக்கத்தில் போட்டுப் பார். 495-இல் வந்து நிற்கும். பிறகு இலக்கங்களுக்கு அ, ஆ, இ என்று பெயர் வைத்து 100அ + 10ஆ + இ என எழுதிக் கழி. நடு இலக்கம் ஆ எங்கே போனது, விடையின் நடுவில் எப்போதும் 9 ஏன் வந்து உட்காருகிறது என்று எனக்கு எழுது. விடையை உன் அண்ணனிடம் கேட்காதே.

அன்புடன்,
மாமா