கருமுடிக்கு ப்ளீச்: வீட்டிலா, பார்லரிலா?

தலைமுடியின் நிறம் மெலனின் என்ற நிறமியிலிருந்து வருகிறது. மெலனினில் யூமெலனின் என்ற வகை கறுப்பையும் பழுப்பையும், ஃபியோமெலனின் என்ற வகை செம்மஞ்சளையும் தருகின்றன. ப்ளீச் இந்த நிறமிகளைச் சிதைக்கிறது. ப்ளீச் பொடியிலுள்ள காரப்பொருள் முடியின் செதிலடுக்கு மேலுறையை உப்பவைத்துத் திறக்கும். பொடியோடு கலக்கும் டெவலப்பரிலுள்ள ஹைட்ரஜன் பெராக்சைடும் பொடியிலுள்ள பெர்சல்ஃபேட் உப்புகளும் அவ்வழியே புகுந்து மெலனினை ஆக்சிஜனேற்றம் செய்யும். அதே வினை முடிக்கு உறுதி தரும் கெரட்டின் புரதத்தின் கந்தகப் பிணைப்புகளையும் அறுக்கிறது. வெளுப்பு கூடக் கூட முடியின் வலு குறைவது இதனால்தான். எனவே வீடா, பார்லரா என்ற முடிவைச் செலவைவிட முடியின் வலுவையும், எவ்வளவு வெளுக்க வேண்டும் என்பதையும் வைத்தே எடுக்க வேண்டும்.

1. தூரத்தை அளத்தல்

முடியலங்காரத் தொழிலில் நிறத்தின் ஆழம் 1 முதல் 10 வரை எண்ணிடப்படுகிறது. 1 என்பது கருமை. 10 என்பது மிக வெளிர்ந்த பொன்னிறம். தமிழ்நாட்டில் பெரும்பாலோரின் முடி 1 முதல் 3 வரை இருக்கும். வெளுக்கும்போது அது சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள், வெளிர்மஞ்சள் என்ற வரிசையில்தான் மாறும். இடைப்பட்ட ஆரஞ்சு நிறத்தைத் தாண்டிக் குதிக்க வழி கிடையாது. அடர்பழுப்பு போதும் என்றால் இரண்டு மூன்று படிகள் ஏறினால் போதும். சாம்பல், வெள்ளி, இளநீலம் போன்ற நிறங்கள் எடுப்பாகத் தெரிய முடி 9 அல்லது 10-ஐ எட்ட வேண்டும்.

2. முடியின் வரலாற்றைப் பார்த்தல்

முடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 செ.மீ. வளர்கிறது. ஆகவே 40 செ.மீ. நீளமுள்ள கூந்தலின் நுனி மூன்று ஆண்டுகளுக்கும் மேல் பழையது; அந்தக் காலத்தில் போட்ட டையும் ஸ்ட்ரெய்ட்னிங்கும் அதில் இன்னும் இருக்கின்றன. கறுப்பு டை போட்ட பகுதி திட்டுத்திட்டாகவே வெளுக்கும். மருதாணியின் சாயம் கெரட்டினோடு ஒட்டிவிடுவதால் எளிதில் போகாது. உலோக உப்பு கலந்த ஹென்னாப் பொடி போட்டிருந்தால் ஆபத்து அதிகம். அந்த உப்பு பெராக்சைடோடு வினைபுரிந்து கடும் சூட்டைக் கிளப்பும். முடி அறுந்து கையோடு வரவும் கூடும்.

3. இடத்தைத் தீர்மானித்தல்

வீட்டில் செய்யலாம்: இதுவரை எந்த ரசாயனமும் படாத முடி, இரண்டு மூன்று படி வெளுப்பு, நுனிமுடியோ முன்பக்கத்தில் சில கற்றைகளோ மட்டும்.

பார்லருக்குச் செல்ல வேண்டும்: 7-க்கு மேல் வெளுக்க வேண்டிய முடி, டை, ஹென்னா, ஸ்ட்ரெய்ட்னிங் கண்ட முடி, நீளக் கூந்தல் முழுவதும், ஏற்கெனவே ப்ளீச் செய்து நிறம் கெட்டுப்போன முடி.

எங்கும் செய்யக்கூடாது: தலைத்தோலில் புண், படை, வெடிப்பு இருக்கும்போது. பெர்சல்ஃபேட் தூள் ஆஸ்துமாவைத் தூண்டக்கூடியது. மூச்சிரைப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டபின்பே முடிவெடுக்க வேண்டும்.

4. சோதித்தல்

ஒவ்வாமை இருக்கிறதா என்பதை உறையில் சொல்லியபடி 48 மணி நேரம் முன்பே சோதிக்க வேண்டும். அடுத்தது கற்றைச் சோதனை. பிடரியிலிருந்து வெளியே தெரியாத ஒரு சிறு கற்றையை வெட்டி, கலவையைத் தடவி, எத்தனை நிமிடத்தில் எந்த நிறம் வருகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். அலசிய ஈரமுடியை மெல்ல இழுத்தால் சற்று நீண்டு பழையபடி சுருங்க வேண்டும். ரப்பர்போல் இழுபட்டு அறுந்தால் அந்த முடி ப்ளீச்சைத் தாங்காது.

5. வீட்டில் செய்யும் முறை

டெவலப்பர் 10, 20, 30, 40 வால்யூம்களில் கிடைக்கிறது. இவற்றில் பெராக்சைடு முறையே 3, 6, 9, 12 சதவீதம். வீட்டுக்கு 20 வால்யூமே மேல்வரம்பு. துணி வெளுக்கும் பிளீச்சிங் பவுடரையோ திரவத்தையோ தலையில் வைக்கவே கூடாது.

- ஓரிரு நாள் முன்பே எண்ணெய்ப் பிசுக்கை அலசிவிட வேண்டும். அன்றைக்குத் தலைக்குக் குளிக்கக் கூடாது. தலைத்தோலின் இயற்கைப் பசை எரிச்சலைக் குறைக்கும்.
- காற்றோட்டமான இடத்தில், கையுறையுடன், பிளாஸ்டிக் கிண்ணத்தில் கலக்க வேண்டும். உலோகப் பாத்திரம் பெராக்சைடைச் சிதைத்துவிடும். பொடிக்கு டெவலப்பர் பெரும்பாலும் 1:2. உறையில் வேறு அளவு இருந்தால் அதுவே சரி.
- நெற்றியோரத்திலும் காதிலும் வாசலின் தடவி, உலர்ந்த முடியை நான்காகப் பிரித்து, மெல்லிய அடுக்குகளாக எடுத்துத் தடவ வேண்டும்.
- வேரிலிருந்து 2 செ.மீ. விட்டுத் தொடங்க வேண்டும். உடற்சூட்டால் வேர்ப்பகுதி விரைவில் வெளுக்கும் என்பதால் அங்கே கடைசியில்தான் தடவ வேண்டும்.
- 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கற்றையைத் துடைத்துப் பார்க்க வேண்டும். கலவை காய்ந்தால் வெளுப்பு நின்றுவிடும். உறையில் குறித்த நேரத்தைத் தாண்டக் கூடாது. டிரையர் சூடும் காட்டக் கூடாது. தலைத்தோல் எரிந்தால் உடனே அலச வேண்டும்.
- மிஞ்சிய கலவையை மூடி வைத்தால் வாயு சேர்ந்து டப்பா வெடிக்கலாம். நிறைய நீர் ஊற்றிக் கழுவிவிட வேண்டும்.

6. பார்லரில் கேட்க வேண்டியவை

பயிற்சி பெற்றவர் வேருக்கு ஒரு வலிமையிலும் நுனிக்கு வேறொரு வலிமையிலும் கலவை தயாரிப்பார்; கற்றைகளை ஃபாயிலில் தனித்தனியே மடித்து, கைக்கு எட்டாத பின்பக்கத்தையும் ஒரே சீராக வெளுப்பார். போட்ட டை, ஹென்னா எதையும் அவரிடம் மறைக்கக் கூடாது. எத்தனை அமர்வுகள், இடையே எத்தனை வாரம், பிணைப்புகளைக் காக்கும் ட்ரீட்மென்ட் உண்டா, வெளுத்த முடியின் சாயையை மாற்றும் டோனருக்கு விலை தனியா என்பவற்றை உட்காருவதற்கு முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. கருமுடியை ஒரே நாளில் வெள்ளியாக்கித் தருவதாகச் சொல்லும் இடத்தைத் தவிர்க்கலாம்.

7. டோனர்

வெளுத்த முடியில் மிஞ்சும் மஞ்சளை ஊதா டோனரும், ஆரஞ்சை நீல டோனரும் அடக்கும். டோனர் முடியை மேலும் வெளுக்காது. சாயையை மட்டும் மாற்றும். சில வாரங்களில் மங்கும் என்பதால் மீண்டும் போட வேண்டியிருக்கும்.

8. பராமரிப்பு

சல்ஃபேட் இல்லாத ஷாம்பூவும் ஒவ்வொரு அலசலுக்குப் பின் கண்டிஷனரும் தேவை. அலசுவதற்கு முன் தேங்காய் எண்ணெய் தடவுவது புரத இழப்பைக் குறைக்கும். கடின நீரின் தாதுக்களும் நீச்சல் குளத்து நீரிலுள்ள செம்பும் வெளுத்த முடியில் எளிதில் படியும். செம்பு பச்சைச் சாயையைத் தரும். குளத்தில் இறங்குமுன் நல்ல நீரால் முடியை நனைத்துக்கொள்ள வேண்டும். ஆறு முதல் எட்டு வாரத்தில் வேர் கறுத்துத் தெரியும்போது புதிதாக வளர்ந்த பகுதிக்கு மட்டுமே ப்ளீச் போட வேண்டும். பழைய பகுதியில் பட்டால் அந்த இடத்தில் முடி ஒடியக்கூடும்.

வீட்டில் செய்தது திட்டுத்திட்டான ஆரஞ்சாகிவிட்டால் அன்றே மறுபடி ப்ளீச் போடக் கூடாது. பயன்படுத்திய பொருட்களின் உறைகளோடு பார்லருக்குச் சென்றால், எந்த வலிமையில் என்ன நடந்திருக்கிறது என்பதைக் கணித்துச் சரிசெய்ய அவர்களுக்கு எளிதாகும். பசைபோல் இழுபடும் முடியை எந்த ட்ரீட்மென்ட்டும் பழைய நிலைக்குக் கொண்டுவராது. அந்த நீளத்தை வெட்டிவிடுவதே தீர்வு.