காவல் நிலைய வினாக்களுக்குத் தயாராவது எப்படி?

இங்கிலாந்தில் சொலிசிட்டர் ஆக விரும்பும் நம் பிள்ளைகள் எழுதும் எஸ்.கியூ.இ. முதல் கட்டத் தேர்வில், 180 வீதம் இரண்டு தாள்களில் 360 வினாக்கள். தரப்படும் ஐந்து விடைகளில் மிகப் பொருத்தமானதைக் குறிக்க வேண்டும். ஒரு வினாவுக்குக் கிடைப்பது 1 நிமிடம் 42 விநாடிதான். தவறுக்கு மதிப்பெண் குறைப்பதில்லை; எனவே எதையும் விட்டுவிடாதீர்கள்.

இரண்டாம் தாளில் வரும் காவல் நிலைய ஆலோசனைப் பகுதிக்கு அடிப்படை, 'பேஸ்' எனப்படும் 1984ஆம் ஆண்டுச் சட்டம். இங்கே பலர் சறுக்குவது நேரக் கணக்கில். ஒருவரை உள்ளூரில் காலை 9 மணிக்குக் கைது செய்கிறார்கள். 10 மணிக்கு நிலையம் வந்து சேர்கிறார். 10.30க்குக் காவலில் வைக்க அனுமதி கிடைக்கிறது. 24 மணி நேரக் கெடு எப்போது முடியும்? மறுநாள் 10 மணிக்கு. நிலையம் வந்த நேரமே தொடக்கம். ஆனால் முதல் மறுஆய்வின் 6 மணி நேரத்தை அனுமதி தந்த நேரத்திலிருந்து எண்ண வேண்டும்; ஆக மாலை 4.30க்குள். விடைகளில் 3 மணி, 4 மணி இரண்டும் நிச்சயம் இருக்கும்! இப்படி நேரங்களை மாற்றி மாற்றி நீங்களே பத்து வினா எழுதிப் பாருங்கள். குறிப்பேட்டை மனப்பாடம் செய்வதைவிட இது பலன் தரும்.

அதிகாரியின் பதவியையும் கவனியுங்கள். கைதானதைக் குடும்பத்துக்குத் தெரிவிப்பதைத் தாமதிக்க இன்ஸ்பெக்டர் போதும்; வழக்கறிஞரைச் சந்திப்பதைத் தாமதிக்க சூப்பரின்டென்டென்ட் வேண்டும்.

நெறிமுறை வினாக்கள்தான் கடினமானவை. கட்சிக்காரர் உங்களிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டு, விசாரணையில் மௌனமாக இருக்க விரும்பினால் நீங்கள் தொடரலாம். பொய் சொல்லப் போவதாகப் பிடிவாதம் பிடித்தால் விலக வேண்டும். ஆனால் காரணத்தைப் போலீசாரிடம் சொல்லக் கூடாது. நேர்மையான பிள்ளைகளே இங்கு 'போலீசாரிடம் உண்மையைச் சொல்' என்ற விடையைக் குறித்துவிடுகிறார்கள். மௌனத்துக்கும் விலை உண்டு: அப்போது சொல்லாத ஒன்றை நீதிமன்றத்தில் வாதமாக வைத்தால், 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி அதை அவருக்குப் பாதகமாகக் கொள்ளலாம். வழக்கறிஞரைச் சந்திக்கவே விடாமல் விசாரித்திருந்தால் அப்படிக் கொள்ள முடியாது.

பெற்றோரும் ஒன்றைத் தெரிந்து வைத்திருங்கள். 18 வயதுக்கு உட்பட்டவரை விசாரிக்கும்போது உடனிருக்கும் பொறுப்பான பெரியவராகத் தாய் தந்தையர் இருக்கலாம். வழக்கறிஞர் அந்த இடத்தை நிரப்ப முடியாது. அந்த நிகழ்வுக்குத் தந்தையே சாட்சி என்றால் அவரும் கூடாது, வேறொருவர்தான் வர வேண்டும். நிலையத்தில் கிடைக்கும் சட்ட ஆலோசனைக்கு வருமானம் பார்ப்பதில்லை, எல்லோருக்கும் இலவசம்.