முதலில் பருப்பு வேகட்டும்

கேள்வி: வேலை கிடைத்துத் தனி அறையில் இருக்கிறேன். வெந்நீர் வைப்பதைத் தவிர எதுவும் தெரியாது. எந்தச் சமையலில் தொடங்கலாம்?

பதில்: சாம்பாரில். பிரியாணி வீடியோக்கள் அப்புறம். துவரம்பருப்பை அரை மணி நேரம் ஊறவைத்து, மஞ்சள்தூளும் சொட்டு நல்லெண்ணெயும் விட்டு, குக்கரில் 4 விசில். குழைய வெந்த பிறகுதான் புளி. முன்கூட்டியே சேர்த்தால் பருப்பு லேசில் வேகாது. முருங்கைக்காயும் அப்படித்தான், முதலில் வெறும் தண்ணீரில் வேகட்டும்.

புதியவர்கள் கோட்டைவிடுவது தாளிப்பில். எண்ணெய் காய்ந்து, கடுகு வெடித்து அடங்கியதும் தீயைக் குறைத்து வெந்தயம், மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை. வெந்தயம் கருகினால் குழம்பே கசக்கும். தயங்காமல் கொட்டிவிட்டு மறுபடி தாளியுங்கள். உப்பு எவ்வளவு என்று அம்மாவைக் கேட்டால் ‘கண்ணளவு’ என்பார். நீங்கள் அரை ஸ்பூனில் தொடங்கி, ருசி பார்த்துக் கூட்டுங்கள்.