அசல் சைலன்சரைத் தூக்கிப் போடாதீர்கள்

பழைய பைக் வேலையில் பெயர் எடுக்க ஆசைப்படும் இளம் மெக்கானிக்குகள் பெரும்பாலும் இன்ஜினைப் பிரிக்கவே துடிக்கிறார்கள். சைலன்சர் வேலையை முதலில் கைவசமாக்குங்கள் என்பேன். வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட், மைசூரில் தயாரான ஜாவா, எஸ்டி, 1996-இல் நின்றுபோன ஆர்எக்ஸ்100 ஆகியவற்றுக்கு நல்ல நிலையில் கம்பெனி சைலன்சர் கிடைப்பது அரிது. புதுப்பேட்டையில் அலைந்தாலும் கையில் சிக்குவது பெரும்பாலும் நகல்தான். வண்டியோடு பிறந்த பாகத்தைக் காப்பாற்றித் தருபவரைத் தேடி ஆட்கள் வருவார்கள். ஐடிஐயில் டூ வீலர் மெக்கானிக் படித்தவர், கூடவே கேஸ் வெல்டிங்கும் பழகிவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

“வண்டி இழுக்கவே மாட்டேங்குதுண்ணே” என்று ஒருவர் ஆர்எக்ஸ்100-ஐக் கொண்டுவருகிறார். உடனே போர் போடச் சொல்லாதீர்கள். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு ஆயிலும் எரிகிறது. அந்தக் கரி சைலன்சருக்குள் படிந்து வழியை அடைக்கிறது. பின்முனை ஸ்க்ரூவைக் கழற்றி உள்ளே இருக்கும் பேஃபிள் குழாயை உருவிப் பாருங்கள். துளைகள் அடைபட்டிருந்தால் விஷயம் அங்கேயே இருக்கிறது. அதைக் கழுவி மாட்டினாலே பல வண்டிகள் பழைய வேகத்துக்கு வந்துவிடும். அந்தக் குழாயையே கழற்றி எறிந்துவிட்டால் வண்டி பறக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். டூ ஸ்ட்ரோக் சைலன்சரின் அகலமும் குறுகலும் கணக்குப் போட்டு வைத்தவை. வெளியேறும் அழுத்த அலை திரும்பி வந்து, நழுவப் பார்க்கும் புதுக் கலவையைச் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. வடிவம் கெட்டால் இழுவையும் கெடும். ஆழமான நசுங்கலும் இதே கெடுதலைச் செய்யும்.

கெட்டிக் கரிக்குக் காஸ்டிக் சோடா கரைசல் நல்லது. தண்ணீரில் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சோடாமேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடாதீர்கள். அலுமினியப் பாகத்தை அது அரித்துவிடும், பெயிண்டையும் உரித்துவிடும்.

புல்லட்டில் ஆக்சிலரேட்டரை விட்டதும் பின்னால் ‘பட் பட்’ என்று வெடிக்கிறதா? கார்புரேட்டரில் கை வைப்பதற்கு முன் பெண்ட் பைப் ஹெட்டில் சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கே கரும்புகைத் தடம் இருந்தால் காற்று உள்ளே புகுகிறது. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, சைலன்சர் வாயைக் கனத்த துணியால் ஒரு நொடி அடைத்தால், கசியும் இடம் சீறிக் காட்டிக்கொடுக்கும். இதைத் திறந்தவெளியில் செய்யுங்கள். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. மூடிய ஷெட்டில் அது ஆளையே சாய்த்துவிடும். பழைய கேஸ்கட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். உலர்ந்த நிலையில் சுரண்டாமல், நனைத்துவிட்டு எடுங்கள்.

பெரும்பாலான ஜாவா, எஸ்டி வண்டிகளில் ஒரே சிலிண்டருக்கு இரண்டு சைலன்சர். பைப்பைப் பிடித்திருக்கும் வளைய நட்டை உளியும் சுத்தியலும் வைத்துத் தட்டுபவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. துருவை இளக்கும் ஆயிலை ஊற்றி ஊறவிட்டு, கொக்கி ஸ்பேனரால் திருப்புங்கள். சிலிண்டரில் மரை போய்விட்டால் லேத்துக்குத்தான் ஓட வேண்டும்.

ஓட்டை விழுந்த சைலன்சருக்கு வருவோம். பெட்ரோல் எரியும்போது தண்ணீரும் உண்டாகிறது. பக்கத்துத் தெருவரை மட்டும் ஓடும் வண்டியில் அது ஆவியாகாமல் தாழ்ந்த இடத்தில் தேங்கி, உள்ளிருந்தே தகட்டைத் தின்கிறது. வெளியே ஊசிமுனை அளவு தெரிந்தால், சுற்றியுள்ள தகடு காகிதமாக மெலிந்திருக்கும். ஸ்க்ரூ டிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். உள்வாங்கும் இடம் முழுவதையும் வெட்டி எடுத்து, நல்ல தகடு வந்த பிறகே அதே வளைவில் துண்டு பொருத்துங்கள். மெல்லிய தகட்டில் சாதாரண ஆர்க் வெல்டிங் இன்னொரு ஓட்டையைத்தான் போடும். கேஸ் வெல்டிங் அல்லது டிக் வெல்டிங் வேண்டும். குரோம் மேலேயே வெல்டிங் வைத்தால் எழும் புகை நச்சு, ஆகவே அந்த இடத்தைத் தேய்த்து எடுத்துவிடுங்கள். சில அசல் சைலன்சர்களின் அடியில் தண்ணீர் வடிய ஒரு சிறு துளை இருக்கும். அதை ஓட்டை என்று நினைத்து அடைத்துவிடாதீர்கள்.

துண்டு வைக்கும்போது எல்லாவற்றையும் வண்டியில் தளர்வாக மாட்டி, அங்கேயே புள்ளி வெல்டிங் வைத்து, பிறகு கழற்றி முழுதாக வெல்டிங் செய்யுங்கள். திரும்ப மாட்டும்போது முதலில் சிலிண்டர் பக்கம், பிறகு பின்பக்க பிராக்கெட். இழுத்துப் பிடித்து போல்ட்டை முறுக்கினால் சில நாளில் பிராக்கெட் விரிசல் விடும். இன்ஜின் ஒருமுறை நன்கு சூடாகி ஆறிய பிறகு நட்டுகளை மறுபடி இறுக்குவதும் உங்கள் வேலையில் சேர்ந்ததே.

சத்தம் கூட்டித் தரச் சொல்பவர்களுக்கு மறுத்துவிடுங்கள். ஒலி, புகை விதிகளை மீறி வண்டி ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவின்கீழ் முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. 50 வயது தாண்டிய வண்டிகளுக்கு 2021-இல் வந்த விண்டேஜ் பதிவு விதிகளும் வண்டி அசல் வடிவில் இருப்பதையே கேட்கின்றன.

வேலை தொடங்கும் முன்பும் பின்பும் படம் எடுத்து, எந்த இடத்தை வெட்டினீர்கள் என்பதை பில்லில் எழுதுங்கள். குரோம் பூச்சுக் கூலியைத் தனியாகச் சொல்லிவிடுங்கள். பூச்சுக்கு முன் பாலிஷ் போடும்போது மெலிந்த தகடு கிழியக்கூடும் என்பதையும் அப்போதே சொல்லி, சம்மதம் வாங்கிய பிறகு பட்டறைக்கு அனுப்புங்கள்.