கேஸ்கட் மட்டும் மாத்தினா போதுமா?

(ஆட்டோமொபைல் மூன்றாம் ஆண்டு மாணவன், மாரண்டஹள்ளி)



ஹெட் கேஸ்கட் போன வண்டியைக் கொண்டுவந்து விடுபவர் முதலில் கேட்கும் கேள்வி, "எவ்வளவு ஆகும் தம்பி?" என்பதுதான். பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் அந்த ஒரு தகடு எரியும் வாயு, தண்ணீர், ஆயில் மூன்றையும் ஒன்றோடொன்று கலக்காமல் காக்கிறது. அதன் விலை கொஞ்சம்தான். ஆனால் அதை எடுக்க ரேடியேட்டர் தண்ணீரை இறக்கி, ஹோஸ், மேனிஃபோல்டு, டாப்பெட் கவர் எல்லாம் கழற்றி ஹெட்டைத் தூக்க வேண்டும். கூலிதான் பெரிசு. திறந்ததே திறந்தோம், கூடவே எதை மாற்றுவது, எதை விடுவது என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கேஸ்கட் ஏன் போனது என்று பார்க்க வேண்டும். அது பெரும்பாலும் தானாகப் போவதில்லை, சூடு ஏறித்தான் போகிறது. அலுமினிய ஹெட், வார்ப்பிரும்பு பிளாக் என்று வைத்துக்கொள்வோம். 400 மி.மீ. நீள ஹெட் 80 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் அலுமினியம் சுமார் 0.74 மி.மீ. நீளும், அதே நீள வார்ப்பிரும்பு சுமார் 0.35 மி.மீ.தான் நீளும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு தேய்வது கேஸ்கட். சூடு அளவுக்கு மீறினால் ஹெட்டே வளைந்துவிடும். அப்புறம் எத்தனை புது கேஸ்கட் போட்டாலும் நிற்காது.

எங்கள் வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் படி ஏறியவன் நான்தான். அதனால் சொந்தக்காரர் வண்டி எது நின்றாலும் எல்லோரும் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். என் தாய்மாமா ஒரு டீசல் பிக்கப் வைத்து, பாலக்கோடு, ராயக்கோட்டை மண்டியிலிருந்து தக்காளி ஏற்றுகிறார். ஒரு தடவை கேஸ்கட் போய், ஒரு ஒர்க்‌ஷாப்பில் கேஸ்கட் மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள். மூன்றாவது வாரம், சேலத்தில் தக்காளி இறக்கிவிட்டு உர மூட்டையோடு திரும்பும்போது தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் மறுபடியும் ஆவி. (நாம் சேலம் போகும்போது அங்கே இறக்கம், பிரேக்குக்குத்தான் சோதனை. வரும்போதுதான் என்ஜினுக்குச் சோதனை.) அடுத்த நாள் லோடு வேறு வண்டிக்குப் போய்விட்டது. தக்காளி யாருக்காகவும் காத்திருக்காதே.

"தர்மாஸ்டாட் வால்வைப் பாக்கச் சொன்னீங்களா மாமா?" என்று கேட்டேன். "நமக்கு என்னடா தெரியும்? கேஸ்கட் போச்சுன்னாங்க, மாத்துனாங்க" என்றார். கழற்றிப் பார்த்தால் வால்வு பாதி திறந்தபடியே துருப்பிடித்து நின்றுவிட்டிருந்தது. ஒரு சின்ன வால்வுக்காக இரண்டு தடவை ஹெட் இறக்கிய கூலி!

தர்மாஸ்டாட்டைச் சோதிப்பது சுலபம். தண்ணீரில் போட்டுச் சூடேற்றி, கூடவே ஒரு தெர்மாமீட்டரும் வைக்க வேண்டும். வால்வின் மேலேயே 82 என்பது போல ஒரு எண் குத்தியிருக்கும். ஏறக்குறைய அந்தச் சூட்டில் திறக்க ஆரம்பிக்க வேண்டும். (வீட்டில் சமைக்கிற பாத்திரம் வேண்டாம். கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் விஷம்.) "நம்ம ஊர் வெயிலுக்கு தர்மாஸ்டாட் எதுக்கு, கழட்டி எறி" என்று சொல்லும் மெக்கானிக் அண்ணன்கள் உண்டு. இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அது இல்லாவிட்டால் என்ஜின் சரியான சூட்டுக்கு வர நேரமாகும், டீசல் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானமும் அதிகம். சில என்ஜின்களில் அந்த வால்வேதான் பைபாஸ் வழியையும் மூடுகிறது. அதை எடுத்துவிட்டால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றும். சூட்டைக் குறைக்கச் செய்த வேலை சூட்டை ஏற்றிவிடும்.

ரேடியேட்டர் மூடியும் இதே வகைதான். 0.9 பார் அழுத்தம் தாங்கும் மூடி இருந்தால் வெறும் தண்ணீர்கூட சுமார் 118 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் போய்விட்டால் 100-லேயே கொதி. இவ்வளவு மலிவான பாகத்தை மாற்றாமல் விடுவதில் அர்த்தமே இல்லை. ஹோஸை விரலால் அழுத்திப் பாருங்கள். கல் மாதிரி இருந்தாலோ, வெடிப்பு தெரிந்தாலோ அதையும் மாற்றிவிடலாம்.

அடுத்து, கூடவே கழற்ற வேண்டிய பாகங்கள். இது என்ஜினுக்கு என்ஜின் மாறும். 2014-ல் உற்பத்தி நின்றுபோன அம்பாசடரின் பழைய 1489 சி.சி. பெட்ரோல் என்ஜினில் கேம் ஷாஃப்ட் பிளாக்கில் இருக்கும். ஹெட்டைத் தூக்க டைமிங் செயினைத் தொடவே வேண்டாம். 1983-ல் வந்த மாருதி 800-ன் 796 சி.சி. என்ஜினில் கேம் ஷாஃப்ட் ஹெட்டின் மேலே. டைமிங் பெல்ட்டைக் கழற்றாமல் ஹெட் வராது. கழற்றிய பழைய பெல்ட்டையே திரும்ப மாட்டுவது எனக்குப் பிடிக்காது. பெல்ட்டோடு டென்ஷனர் பேரிங்கையும் சுற்றிப் பார்க்க வேண்டும். பல கார்களில் வாட்டர் பம்ப்பும் அந்தக் கவருக்குப் பின்னால்தான் இருக்கிறது. பம்ப் லேசாகக் கசிந்தாலும் அப்போதே மாற்றினால் தனிக் கூலி கிடையாது. வால்வு சீலும் அப்படித்தான். ஹெட் மேசைமேல் இருக்கும்போது சுலபமான வேலை, மாட்டிய பிறகு பெரிய வேலை. டீசல் என்றால் இன்ஜெக்டருக்கு அடியில் இருக்கும் செப்பு வாஷர் புதுசு போட வேண்டும்.

ஹெட் போல்ட்டுகளை கவனியுங்கள். பல புது என்ஜின்களில் போல்ட்டை இழுபடும் அளவுக்கு, கோணக் கணக்கில் முறுக்குகிறார்கள். அவை ஒரு முறைதான். நீண்ட போல்ட் மறுபடி அதே பிடி கொடுக்காது. பழைய வகை போல்ட்டைத் திரும்பப் போடலாம், மேனுவலைப் பார்த்து. போல்ட் துளையின் அடியில் ஆயிலோ தண்ணீரோ நிற்கக் கூடாது. முறுக்கும்போது அது வெளியேற வழியில்லாமல் பிளாக்கையே பிளந்துவிடும்.

இதற்காக எல்லாவற்றையும் மாற்றிப் பில் போடுவதும் நியாயமில்லை. கம்ப்ரஷன் சரியாக இருந்தால் பிஸ்டன் ரிங்கைத் தொட வேண்டிய அவசியம் இல்லை. ஆயில் பால் கலந்த டீ மாதிரி இருந்து, அப்படியே நெடுநாள் ஓட்டியிருந்தால் மட்டும் சம்ப்பை இறக்கி பேரிங்கைப் பாருங்கள். ஆயிலும் ஃபில்டரும் எப்படியும் புதுசு.

ஹெட்டின் மேல் ஸ்ட்ரெயிட் எட்ஜ் வைத்து, நீளவாக்கிலும் மூலைக்கு மூலையும் ஃபீலர் கேஜ் விட்டுப் பார்க்க வேண்டும். சின்ன என்ஜின்களுக்கு மேனுவலில் 0.05 மி.மீ. போல ஒரு வரம்பு கொடுத்திருப்பார்கள். மீறினால் லேத்துக்கு அனுப்பி பேசிங். டீசலில் அதிகம் சீவினால் பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடைவெளி குறையும். அதனால் சில என்ஜின்களுக்கு வெவ்வேறு தடிமனில் கேஸ்கட் வருகிறது; ஓரத்தில் உள்ள வெட்டுக்களை எண்ணி வாங்க வேண்டும். பழைய செப்பு கேஸ்கட்டாக இருந்தால் உள்ளே ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். உலர்வாகச் சுரண்டி ஊதாதீர்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

முறுக்குவது நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று தவணையாக, டார்க் ரெஞ்ச்சோடு. கூலன்ட் ஊற்றி, காற்றை வெளியேற்றி, ஃபேன் ஓடும் வரை என்ஜினை ஓடவிட்டுப் பாருங்கள். மறுநாள் காலை என்ஜின் ஆறியிருக்கும்போது மட்டும் மூடியைத் திறந்து, அளவு இறங்கியிருந்தால் நிரப்பிக் கொடுங்கள். மாமா வண்டியில் அரை டம்ளர் பிடித்தது.